அப்பாவின் இடுப்பில் உருக்கு

“உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா?” என்று ஸ்கான் நிலைய வரவேற்பில் இருந்த பெண் ஜெர்மனில் கேட்டாள். நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“இல்லையெண்டு சொல்லு பிள்ளை.”

அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அப்பாவின் இடது கால் சில மாதங்களாக மரத்துக்கொண்டு வந்தது. முதுகெலும்பைக் காந்த இயந்திரத்துக்குள் வைத்துப் படம் பிடிக்க வேண்டும் என்றார் டாக்டர். ஹம்பேர்க் முழுக்கத் தேடி, டெர்மின், அதாவது முன்பதிவு, கிடைப்பதற்குள் கோடையே முடிந்துவிட்டது. அன்று அங்கே காத்திருந்த நேரத்தில் நான் கைபேசியில் என் ஆய்வேட்டுக்காக வாசித்துக்கொண்டிருந்தேன். சீனாவின் புதிய இராணுவத் துப்பாக்கிகளை வெளிநாடுகளில் யார் வாங்குவார்கள் என்பதுதான் தலைப்பு. அப்போது எனக்கு அதில் பைத்தியம். சீன இராணுவத்தின் துப்பாக்கி ரவை 5.8 மில்லிமீற்றர். வெளியே அந்த அளவை அநேகமாக யாரும் பாவிப்பதில்லை. ஆகவே விற்பனைக்கென்று அதே துப்பாக்கியை 5.56க்கு மாற்றிச் செய்கிறார்கள். அப்படியும் ஏழை நாடுகள் தயங்கும், ஏனென்றால் பழைய 7.62 ரவை அவர்களின் கிடங்குகளில் குவிந்து கிடக்கிறது. அது மலிவு. ஈயத்தைக் குறைத்து உள்ளே உருக்கை வைத்துவிடுவார்கள்.

உருக்கைக் காந்தம் இழுக்கும்.

அப்பாவின் இடுப்பின் பின்புறம் ஒரு வடு இருக்கிறது. சிறு வயதில் நீச்சல் குளத்தில் பார்த்துக் கேட்டிருக்கிறேன். முள்ளுக்கம்பி கிழித்தது என்பார்.

“அப்பா, அது உண்மையிலை முள்ளுக்கம்பியோ?”

“எத்தினை தரம் சொல்லுறது?”

“கம்பி கிழிச்சா நீளமாயெல்லே கிழியும். உங்களுக்கு வட்டமா இருக்கு.”

“உன்னைத் துவக்கு, ரவையெண்டு படிக்க விட்டது என்ரை பிழை.”

“இந்த மெஷின் இரும்பை இழுக்கும். உள்ளுக்கை கிடக்கிறது அசைஞ்சா, கால் போயிடும்.”

அப்பா சுவரைப் பார்த்தார். “கொழும்பிலை செக்கிங்கிலை ஆமி சேட்டைக் கழட்டச் சொல்லிப் பாப்பாங்கள். வடு இருந்தாக் காணும், இயக்கமெண்டு பிடிச்சுக்கொண்டு போவாங்கள், பொடியன் திரும்பி வரமாட்டான். அதுக்குத்தான் முள்ளுக்கம்பி.”

“இது கொழும்பில்லை அப்பா.”

“இஞ்சை அகதிக் கேஸ் விசாரிக்கேக்கையும் காயம் ஒண்டும் இல்லையெண்டுதான் சொன்னனான். இப்ப மாத்தச் சொல்லுறியோ?”

நான் அந்தப் பெண்ணிடம் திரும்பி, “இருக்கிறது” என்றேன். அப்பா என்னைத் தடுக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், மூக்கு சற்று வளைந்த ஒரு குண்டு வெள்ளையாகத் தெரிந்தது. காந்தப் படம் எடுக்கவே ஏலாது, சத்திரசிகிச்சை நிபுணரிடம் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன். “ஆர் சுட்டது? ஆமியோ, இயக்கப் பொடியளோ?”

“திரும்பிப் பாக்கேல்லை. ஓடினனான்.”

“சத்தத்திலை தெரியாதோ?”

“ரெண்டு பேரிட்டையும் ரி ஐம்பத்தாறு துவக்குத்தான். என்ன தெரியும்?”

அது சீனத் துவக்கு என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. என் ஆய்வேட்டில் அது ஒரு வரியாக இருக்கிறது: இலங்கைக்கு விற்கப்பட்டது, பிடிபட்டுக் கைமாறியது, இரு தரப்பும் பாவித்தன. பழைய ஏற்றுமதிகளின் வெற்றிக்கு உதாரணமாக நானே எழுதிய வரி.

இறங்கும் இடம் வர அப்பா எழுந்து, மரத்த காலைக் கையால் தூக்கி வைத்தார். “உன்ரை சீனாக்காரனுக்கு எழுதிவிடு. சாமான் இன்னும் பழுதாகேல்லையெண்டு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

வியாழக்கிழமை நிபுணரைப் பார்க்கிறோம். குண்டை எடுக்கலாமா, எடுக்காவிட்டால் கால் என்னவாகும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். எப்போது பட்டது, எந்தப் பக்கமிருந்து வந்தது, அப்போது யார் மருந்து கட்டினார்கள் என்றெல்லாம் கேட்பார். எல்லாவற்றையும் நீயே சொல்லு என்றார் அப்பா. மாட்டேன் என்றேன். அங்கே நின்றவர் அவர். இடையில் சொல் தட்டுப்பட்டால் எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

ஆய்வேட்டை நான் இன்னும் திறக்கவில்லை. சமையலறையில் இரண்டு பேரும் ஒரு ஜெர்மன் வசனத்தைப் பாடமாக்குகிறோம்: என்னைச் சுட்டார்கள். பேக்கரியில் இருபது வருடம் ஜெர்மன்காரரோடு வேலை செய்தவர், அந்தச் சொற்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனாலும் நேற்றுப் பாதியில் நின்றுவிட்டார். இப்போது தேத்தண்ணி ஊற்றியிருக்கிறேன். குடித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்ப்போம்.