முகத்துவாரத்தில் வலை இல்லை

காய்ச்சல் விட்டும் படுக்கையை விட்டு எழாத என் மனைவி, நேற்றுதான் வாய்திறந்து ஒன்று கேட்டாள்: இறால் தொக்கு.

இன்று காலை திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன்.

உப்பங்கழி கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஒரு வலையும் இல்லை. கரையில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இறால் குஞ்சு கடல்லேர்ந்து உள்ள ஏறிக்கினு இருக்குதுங்க. அது வளர்ற வரிக்கும் வலை போடக்கூடாதுன்னு ஊர்க்கட்டு. வேணும்னா பாத்துட்டுப் போங்க, பாக்கறதுக்குக் காசு இல்ல."

குனிந்தேன். தெளிந்த நீருக்குள் அதைவிடத் தெளிவான எதுவோ கூட்டமாக நகர்ந்தது. கண்கள் மட்டும் கறுப்புப் புள்ளிகள். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை.

வீட்டில் வெறும் பையோடு நின்று, கண்டதைச் சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்பது சந்தேகம்தான்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "வலை போடற அன்னிக்கு நானும் வர்றேன். உங்களுக்குப் பாத்து வாங்கத் தெரியாது."

அதுவரை என் சமையல்தான். அதிலிருந்து அவளைக் காப்பாற்ற வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.