மைமூன் அக்காவின் ரோமாபுரி

போன வாரம் நத்தம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது மைமூன் அக்காவின் மகள் போன் செய்தாள். "டீச்சர், அம்மா மவுத்தாயிட்டாங்க." அக்கா இறந்துவிட்டார் என்றதும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திண்டுக்கல்லுக்கு எதிர் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் மாந்தோப்புகள். எதுவும் கண்ணில் படவில்லை.

அவர் நாவல்களை வாசித்த உங்களுக்கு அவர் ரோமானியப் பேரரசைப் போன்றதொரு கற்பனை நாட்டைப் படைத்தவர். பேகம்பூர்க்காரர்களுக்கு அவர் குடும்பத்தின் தோல் கிடங்கைக் கவனித்துக்கொண்ட பெண். எனக்கோ, நான் ஓவியம் கற்பித்த பள்ளிக்கு ஒருநாள் வந்து, "டீச்சர், இல்லாத ஊருக்கு ஒரு மேப் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டவர்.

அக்கா ரோமுக்குப் போனதில்லை. நம் மண்ணில் கிடைத்த ரோமானியக் காசு ஒன்றை ஏதோ கண்காட்சியில் பார்த்திருந்தார். "காசு இங்க கெடக்கு. கொண்டாந்தவன் வீடு போய்ச் சேந்தானான்னு யாருக்கும் தெரியலையே" என்பார். அப்படிப் பிறந்தவன்தான் அவர் நாவல்களின் நாயகனான படைவீரன். அவன் போன வழியில் சூரியனைத் துரத்தும் வட ஐரோப்பிய ஓநாய் வந்தது, உலகை மூழ்கடித்த பாபிலோனிய வெள்ளம் வந்தது, இறந்தவர்களை அக்கரை சேர்க்கும் ஓடக்காரன் வந்தான். அந்த ஓடக்காரன் மட்டும் நம்மூர் கண்டக்டர் மாதிரியே சிடுசிடுப்பான்.

இரண்டாம் நாவல் எழுதிக்கொண்டிருந்த சமயம், அவர் வீட்டுக் கூடத்தில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தோம். அக்காவுடைய கணவரின் அண்ணன் கோபமாக வந்தார்.

"ஏம்மா, நம்ம வீட்டுப் புள்ள வேத்து சாமிகளைப் பத்தி எழுதலாமா? ஜமாத்துல கேக்குறாக."

"கும்பிடுறதுக்கு எழுதலை மச்சான். அந்தச் சனம் எதுக்குப் பயந்துச்சு, என்ன கேட்டு அழுதுச்சுன்னு எழுதுறேன். செத்த நேரம் உக்காருங்க, வாசிக்கிறேன்."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார். படைக்குப் போன மகனுக்காக ஒரு தாய் தினமும் அடுக்களைத் தெய்வத்தின் முன் ஒரு தட்டில் சோறு எடுத்து வைக்கும் அத்தியாயம் அது. வாசித்து முடித்தபோது அவர் நாற்காலியில் இருந்தார். அவருடைய ஒரே மகன் சவூதிக்குப் போய் வெகுகாலமாக ஊர் திரும்பியிருக்கவில்லை.

"பையன் வந்துட்டானா?" என்று கேட்டார்.

"இன்னும் எழுதலை மச்சான்."

"வர வச்சிரும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதன்பின் அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் அக்காவின் திட்டத்தில் அந்தத் தாயின் மகனான படைவீரன் வெள்ளத்தில் சாக வேண்டியவன். "வர வச்சா பொய்யாயிரும் டீச்சர். வராதவங்கதான் அம்புட்டுப் பேரும்" என்றார். மூன்றாம் நாவல் அந்த இடத்திலேயே நின்றது. பிறகு நோய் வந்தது. சிகிச்சைக்கு மதுரைக்குப் போய் வந்த மாதங்களில், படுத்தபடியே மகளிடம் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். அவன் வந்தான். தலை நரைத்து, தாய்மொழி தடுமாற வந்தான். தாய் அழவில்லை. "இம்புட்டு நேரமா?" என்று திட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். மச்சானுக்கு அந்தப் பக்கங்களை அக்காவே வாசித்துக் காட்டினாராம். அவர் அக்காவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார் என்று மகள் சொன்னாள்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது அக்கா என்னிடம் மேப் கேட்கவில்லை. அட்டைக்கு அந்தத் தாயின் முகம் வேண்டும் என்றார். நான் மனித முகம் வரையப் பயப்படுகிறவள். அந்த நாட்டுப் பெண் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாதே என்றேன்.

"தெரியாத ஊருன்னு என்ன இருக்கு? அங்கயும் சாயங்காலம் பசிக்கும்ல? வரைங்க."

அவர் கட்டிலருகிலேயே உட்கார்ந்து வரைந்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இருமலுக்கு நடுவே சிரித்தார். "மூக்கு நம்ம எரியோடு ஊர்க்காரி மூக்கா இருக்கு டீச்சர். அப்படியே விடுங்க."

நாவல் இப்போது அச்சில் இருக்கிறது. நேற்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, யார் என்றே தெரியாத ஒரு கிழவரின் முகத்தை வரையத் தொடங்கினேன். பயம் வரவில்லை. மைமூன் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.