மேட்டடியில் நின்ற கார்

பஸ் படியிலிருந்து விழுந்து என் மனைவிக்கு இடக்கால் ஒடிந்தது. கம்பி வைத்துச் சேர்த்தார்கள். கிளட்ச் மிதிக்கிற பலம் மட்டும் அந்தக் காலுக்குத் திரும்பவில்லை. பஸ் படியும் பாறசாலை ரயில் நிலையத்துப் படிகளும் அவளால் ஆகாது. திருவனந்தபுரத்தில் அவள் வேலை பார்த்த அலுவலகம், இந்த மாதத்துக்குமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டது. எனக்கோ கண் கோளாறு, லைசன்ஸ் கிடையாது. கிளட்ச் இல்லாமல், பெட்ரோல் குடிக்காமல், எங்கள் கைக்கு எட்டுகிற வண்டி என்றால் யாரோ ஓட்டிக் கழித்த மின்சாரக் கார்தான்.

அணைக்குப் பக்கத்தில், கள்ளிக்காட்டில் ஒரு தரகர் அப்படி ஒன்றைக் காட்டினார். அங்கிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் அவளே ஓட்டினாள். சார்ஜ் குறைந்ததாகவே தெரியவில்லை. ஓரிடத்தில் கொஞ்சம் கூடவும் செய்தது.

"பாத்தியளா சாரே, ஓட ஓட சார்ஜ் கேறுது. நல்ல வண்டியாக்கும்," என்றார் தரகர்.

அவள் சிரித்தாள். கால் ஒடிந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. அதில் மயங்கிப்போனேன். வந்த வழியெல்லாம் இறக்கம், இறக்கத்தில் மின்சாரக் கார் தானாகவே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்பது, பிறந்ததிலிருந்து எங்கள் வீடிருக்கும் குன்னத்துகால் மேட்டில் ஏறி இறங்கும் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. அங்கேயே விலை பேசி வாங்கிவிட்டோம்.

அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் துணைக்கு நானும் போனேன். அலுவலகத்தில் சார்ஜ் போட வசதியில்லை. திரும்புகையில் நெய்யாற்றின்கரை தாண்டியதும் சார்ஜ் மளமளவென்று இறங்கியது. அவள் ஏசியை அணைத்தாள். எங்கள் வீட்டு மேட்டின் அடியில், ஆமைப் படம் போட்ட விளக்கு எரிந்தது. பேட்டரி ஓய்ந்தால் அது எரியுமாம். கார் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளிப் பார்த்தேன், மேட்டில் ஏறவில்லை.

"விடுங்க, நடந்து போவோம்," என்றாள்.

ரப்பர் தோட்டத்து ஓரமாகக் கைத்தடியை ஊன்றி ஏறினாள். தோளைப் பிடித்துக்கொள் என்றேன், பிடிக்கவில்லை. வழியில் கல்லின்மேல் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தரகருக்குப் போன் செய்தேன்.

"பழைய வண்டியில்லியா சாரே, பேட்டரி அப்பிடித்தான் இருக்கும்," என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் வயரை எடுத்துக்கொண்டு கீழே போகக் கிளம்பினேன். மேட்டடியில் யார் வீட்டிலாவது கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

"ஒருத்தர் வீட்டுலயும் போய் நிக்க வேண்டாம். நான் இனி வேலைக்குப் போகல்ல."

ஏதாவது ஒரு வழி பார்ப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். இருந்த ஒரே வழியும் மேட்டடியில் நின்றுகொண்டிருந்தது.