திருப்பி வைத்த லென்ஸும் ஒன்பதாவது முட்டையும்

1. கல்லூரி ஆய்வகத்தில் எட்டு முட்டைகளின் ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, உள்ளே வளர்ந்துகொண்டிருந்த குஞ்சுகளின் ஒரு கண்ணில் மட்டும் லென்ஸை முன்பின்னாகத் திருப்பி வைத்தேன்.
2. சன்னலை டேப் ஒட்டி மூடினேன்.
3. மின்சாரம் போனது. முட்டைகளைச் சூடாக வைத்திருந்த பெட்டி ஆறத் தொடங்கியது.
4. முட்டைகளை நைனார்பாளையத்து வீட்டுக்கு எடுத்துவந்து அடைக்கோழியின் கீழ் வைத்தேன்.
5. இடஒதுக்கீட்டு மறியல் தொடங்கியது.

லென்ஸின் முன்பக்கச் செல்கள் குட்டையாகவே இருக்கும். பின்பக்கச் செல்கள் நீண்டு நாராகிவிடும். விழித்திரையிலிருந்து கசியும் வளர்ச்சிக் காரணி பின்னால் அதிகம், முன்னால் குறைவு. அதனால்தான் இந்த வேறுபாடு என்பது என் ஆய்வு. முன்செல்களை விழித்திரைப் பக்கம் திருப்பியாயிற்று. அவை நீண்டனவா என்று மறியல் தொடங்கிய அன்றைக்கே ஆய்வகத்தில் பார்த்தாக வேண்டும். தவறினால் ஒரு வருட உழைப்பும் பட்டமும் போயிற்று. பஸ் இல்லை. கோழியோடு கூடையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினேன்.

சாலைக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரம். அதன்மேல் கோடாலியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"நோயாளிய மட்டுந்தான் உடுவோம்."

"நோயாளிதாண்ணே. கண் ஆபரேஷன்."

"கோழிக்கா?"

"முட்டைக்குள்ள இருக்கிற குஞ்சுக்கு."

அவர் சிரிக்கவில்லை. ஒரு முட்டையை எடுத்து டேப்பைத் தடவிப் பார்த்தார். "பொறக்கறதுக்கு முன்னாடியேவா? பாவம். இன்னா ஆபரேஷன்?"

விளக்கினேன்.

"பின்னால இருக்கறவனுக்கு ஜாஸ்தி, முன்னால இருக்கறவனுக்கு கம்மி. எடத்த மாத்தி வெச்சா இவனும் வளருவான்னு சொல்ற. அத்தத்தாம்மா நாங்களும் சொல்லிக்கினு கீறோம்! டேய், வழி உடுங்கடா."

கூட்டத்திலிருந்த ஓர் அக்கா மட்டும் கூடையை விடவில்லை. கோழியின் அடியில் கைவிட்டு எண்ணினார்.

"எட்டா? ரெட்டப்படையில யாராவது அடை வெப்பாங்களா? படிச்ச பொண்ணு நீ!"

வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு முட்டையோடு வந்து சொருகினார். அதன் பிறகே நான்கு பேர் கூடையை, அடை கலையாமல், மரத்துக்கு மேலாகத் தூக்கிக் கடத்தினார்கள். பின்னாலேயே சைக்கிளும் வந்தது. கோஷம் நிற்கவில்லை, கோழியும் கூடச் சேர்ந்து கத்தியது.

ஆய்வகத்தில் திறந்து பார்த்தபோது எட்டில் மூன்று குஞ்சுகள் உயிரோடிருந்தன. திருப்பிய லென்ஸ்களில் முன்செல்கள் நீண்டு நாராகியிருந்தன. திருப்பாத கண்களில் அப்படியே குட்டையாக இருந்தன. பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டில், 'கருக்கள் சீரான வெப்பத்தில் பராமரிக்கப்பட்டன' என்று எழுதியிருக்கிறேன். ஒன்பதாவது முட்டையைக் கோழி கடைசிவரை விடாமல் அடைகாத்தது. அது கூமுட்டை.