மலையேறி வந்த மகனைக் கீழே இறக்கிய கிருபை

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

போன ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், மலைமேல் எல்கடுவையில் என் அண்ணனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகனுக்கு இரண்டு கால்களும் மரத்துப்போயின. அன்று நடந்ததைத்தான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்து பல தடவை எழுந்து போய்விட்டேன். யாருக்காவது பிரயோசனப்படும் என்று எங்கள் போதகர் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

நான் மாத்தளையில் ஆசிரியையாக இருக்கிறேன். என் கணவர் இறந்தபோது மகன் ரூபன் கைக்குழந்தை. அவனைத் தூக்கி வளர்த்தது என் அண்ணன். எல்கடுவையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. லீவு விட்டால் ரூபன் அங்கேதான் இருப்பான்.

ரூபன் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போகிற டைவிங் படித்து சான்றிதழ் எடுக்க வேண்டும், பிறகு அதையே தொழிலாகச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. எனக்குக் கடல் என்றாலே பயம். நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். அண்ணன்தான் அவனுக்காகப் பேசினார்.

“பாப்பா, நீ பைப்புல தண்ணி வேகமா வந்தாலே பயப்படுற ஆளு. பயலாவது கடலப் பாக்கட்டும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அவன் லீவு போட்டுத் திருகோணமலைக்குப் போனான். தினமும் பின்னேரம் போன் எடுத்து அன்று படித்ததைச் சொல்வான். தண்ணீருக்குள்ளேயே மாஸ்க்கைக் கழற்றித் திரும்பப் போட வேண்டுமாம். கூட வருகிறவனுக்குக் காற்று தீர்ந்தால் நம்முடையதைக் கொடுக்க வேண்டுமாம். நான் கேட்டுக்கொண்டே ஜெபிப்பேன்.

அதே வாரம் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். நான் உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, இவரை எடுத்துவிடாதேயும் என்று மன்றாடினேன். ரூபன் படிப்பை விட்டுவிட்டு வரப்பார்த்தான். கட்டிலில் இருந்தபடியே அண்ணன் போனில் அவனைத் திட்டினார். முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை அண்ணனை டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கர்த்தர் கேட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் உபவாசத்தை முடித்தேன்.

சனிக்கிழமை விடிகிற நேரம் அண்ணன் போய்விட்டார்.

ரூபனுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. அவன் அப்போது கடலுக்குள் இருந்தான். கடைசி இரண்டு டைவும் அன்று காலைதான். கரைக்கு வந்து அவன் திருப்பி எடுத்தபோது, “மாமா போயிட்டாருப்பா, உடனே வா” என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் மகன் இல்லாதவருக்குத் தங்கச்சி மகன்தான் பெட்டியின் தலைமாட்டைத் தூக்க வேண்டும், முதல் மண்ணையும் அவன்தான் போட வேண்டும். சின்ன வயதிலிருந்து அது அவனுக்குத் தெரியும்.

அவனுக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடம் துக்கத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் வேலை செய்யும் சீகிரியாதான் அவன் ஊர் என்று அந்த மனிதர் நினைத்திருந்தார். சீகிரியா தாழ்வான இடம். அதனால் ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டார்.

நாலு மணி போல வந்து சேர்ந்தான். தலைமுடியில் இன்னும் உப்பு இருந்தது. மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை வலிக்கிறது என்றான். பஸ்ஸில் இடிபட்டு வந்த களைப்பு என்று நினைத்தோம். பக்கத்து லயத்து வீட்டு அக்கா ஒருவர், “வாய்வுப் பிடிப்புதான், தேய்ச்சா போயிரும்” என்று எண்ணெய் சுடவைத்துத் தேய்த்துவிட்டார். ரூபன் தன் கால்களைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போதகர் வந்து பாட்டு ஆரம்பித்ததும் எல்லாரும் எழுந்து நின்றோம். அவனும் எழுந்தான். முழங்கால் மடங்கி அப்படியே விழுந்தான்.

நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மெதுவாகச் சொன்னான்.

“அம்மா, நான் இன்னிக்கு மேல வந்திருக்கக் கூடாதும்மா.”

எனக்குக் கோபம் வந்தது. “யாரு வீடுன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?”

“டைவ் பண்ணிட்டு ஒரு நாளாவது மலை ஏறக் கூடாது. பரீட்சையில அந்தக் கேள்வி வந்துச்சு. சரியாத்தான் எழுதினேன்.”

“அப்ப ஏன்டா வந்த?”

அவன் பெட்டியைப் பார்த்தான். “மாமாவுக்கு வேற யாரும்மா இருக்கா?”

பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினார்கள். ஆழத்தில் சுவாசிக்கிற காற்று இரத்தத்தில் கரைந்து நிற்குமாம். அது மெதுமெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல உடம்புக்குள் குமிழி கிளம்பும். முதுகுத் தண்டில் பட்டால் கால் போய்விடலாம். உயிரும் போகலாம். எங்களைப் போல மலையில் வீடு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

அடுத்த நாள் நடக்கவிருந்த அடக்கத்துக்குப் பேசி வைத்த வேன் வாசலில் நின்றது. பையன்கள் ரூபனைத் தூக்கி அதில் படுக்க வைத்தார்கள். போதகர் பாட்டை நிறுத்திவிட்டு அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அண்ணன் கிடக்கிறார். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அண்ணி வெளியே வந்தார். அழுது அழுது அவருக்குக் குரலே இல்லை.

“நீ போ. செத்தவர நான் பாத்துக்கிறேன். நீ உசுரோட இருக்கிறவனப் பாரு.”

அந்தப் பாதை வளைவு வளைவாக இறங்கும். மூடுபனி. எனக்கு வசனம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இத்தனை வருடம் ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். எப்போதும் எங்களை உயர்த்தும் என்றுதான் கேட்போம். அன்று, ஆண்டவரே, கீழே இறக்கும், சீக்கிரம் கீழே இறக்கும் என்று மட்டும்தான் வாயில் வந்தது. ரூபன் அழவில்லை. ஒரு தடவை மட்டும், “அம்மா, என் காலப் பிடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டான். நான் ஏறின நேரத்திலிருந்து அவன் காலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வளைவில் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. மாஸ்டரைப் பிடித்தோம். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நேராகப் படுக்க வையுங்கள், முதலில் ஒக்சிஜன் கொடுக்கச் சொல்லுங்கள், மற்றதை நான் பார்க்கிறேன் என்றார். கீழே ஆஸ்பத்திரியில் கடமையில் இருந்தது ஒரு சின்ன வயது சிங்கள டொக்டர் பிள்ளை. இந்த நோயை நான் பார்த்ததே இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் அவர் என் கையிலிருந்த போனை வாங்கி மாஸ்டரோடு பேசினார். பிறகு திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் பேசினார். அவர்கள் சொன்னதை அப்படியே நம்பி, ஒக்சிஜன் வைத்து, அம்புலன்ஸில் ஏற்றிவிட்டார். எனக்குத் தெரியும் என்று அவர் ஒரு வாட்டில் படுக்க வைத்திருந்தால் என் பிள்ளையின் கதி என்ன? கர்த்தர் எனக்காக அங்கே நிறுத்தி வைத்தது அந்தத் தாழ்மையான பிள்ளையைத்தான் என்று விசுவாசிக்கிறேன்.

அன்று இரவே திருகோணமலையில் காற்றழுத்தம் கூட்டுகிற ஓர் இரும்பு அறைக்குள் அவனை வைத்தார்கள். கடலுக்கு அடியில் இருக்கிற அழுத்தத்தை உடம்புக்குத் திரும்பக் கொடுத்து, பிறகு மெதுவாகக் குறைப்பார்களாம். முதல் தடவை முடிந்தும் கால் அசையவில்லை. மறுநாள் திரும்பவும் வைத்தார்கள்.

அவன் உள்ளே இருந்த நேரம்தான் எல்கடுவையில் அடக்கம். சொந்தக்காரப் பையன் ஒருவன் போன் எடுத்து, “அத்தை, பேச வேணாம், கேளுங்க” என்று சொல்லிக் குழிப் பக்கமாகப் பிடித்தான். பாட்டு கேட்டது. பிறகு மண் விழுகிற சத்தம் கேட்டது. முதல் மண்ணை யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி நடையில் தரையில் உட்கார்ந்து, இனி என்னால் கேட்க முடியாது ஆண்டவரே, உமக்குத் தெரியும் என்று சொல்லி விட்டுவிட்டேன். அதுதான் அன்று என் ஜெபம்.

பின்னேரம் அவனை வெளியே கொண்டுவந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்.

“அம்மா, கால் குளுருது. எதாவது போத்துங்க.”

கால் குளிருகிறதாம். நான் சேலை முந்தானையால் அவன் பாதத்தைச் சுற்றிக்கொண்டு, வாட்டில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்கச் சத்தம் போட்டு அழுதேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இன்னும் பல தடவை அந்த அறைக்குள் வைத்துத்தான் அனுப்பினார்கள். இன்று ரூபன் நடக்கிறான். இடது கால் விரல்களில் மட்டும் உணர்வு குறைவுதான். இனி டைவிங் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சான்றிதழ் பிறகு போனுக்கு வந்தது. படம், பெயர் எல்லாம் போட்டு அழகாக இருந்தது. என்னிடம் காட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அந்த ஆசையை அவன் எங்கே வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அதற்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

கஷ்டத்தில் இருக்கிற உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் விசுவாசம் பெரியது என்று நினைத்துவிடாதீர்கள். நான் இன்னும் பயந்தவள்தான். போன் அடித்தால் எடுக்கவே தயங்குகிறேன். ஒரே வாரத்தில் ஒரே வாயால் இரண்டு பேருக்காகக் கேட்டேன். ஒருவருக்காக உபவாசம் இருந்து ஒழுங்காகக் கேட்டேன், அவரை மண்ணில் வைத்தோம். மற்றவனுக்காக வசனம்கூட வராமல் பிதற்றினேன், அவன் இன்று வேலைக்கு நடந்து போகிறான். ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே ஸ்தோத்திரம் சொல்கிறேன். உங்களுக்கும் வார்த்தை வராமல் போனால் வருகிற மட்டும் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஆமென்.