மைனி திருத்திய கோட்டை ஆட்டம்

எங்கள் ஷம்ஸியா மைனிக்கு எந்தப் பொருளையும் வந்தபடி வைத்திருக்கத் தெரியாது. கல்யாணமாகி மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மாதமே தையல் மிஷினைக் கழற்றி, தன் உயரத்துக்கு மாற்றிப் பூட்டினார். குக்கருக்கு வேறு கைப்பிடி போட்டார். ஏன் என்று கேட்டால், "செஞ்சவனுக்கு என் கை எவ்வளவு நீளம்னு தெரியுமா?" என்பார். பாளையங்கோட்டைக் கல்லூரியில் கணிதம் படித்தவர், கூடவே ஒரு வருஷம் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போனவர். தன்னால் முடியாது என்று அவர் எந்த வேலையையும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் அவருடைய நாத்தனார், கனி. குறை சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவள். நானே இப்படிப் பேசுகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் அஃப்சல் சவூதியில், தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தொண்ணூற்றாறில் லீவுக்கு வந்தபோது, கம்பெனியில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கார்கோவில் போட்டுக் கொண்டுவந்தான். அதற்குள் ஓர் ஆட்டம் இருந்தது. வாள், மந்திரம், பூதம், பாதாளச் சிறை எல்லாம் உண்டு. நீங்கள்தான் வீரன். ஊர் ஊராகப் போய், ஆட்களிடம் பேசி, ஆயுதம் சேர்த்து, கடைசியில் மலைக்கோட்டையில் இருக்கும் ராட்சசனைக் கொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அது கோட்டை ஆட்டம். தம்மாமில் அண்ணன் தங்கியிருந்த ரூமிலும் பத்துப் பேருக்குப் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அதிலும் இதே ஆட்டம் இருந்தது. அண்ணன் அங்கே விளையாடுவான், மைனி இங்கே விளையாடுவார்.

ஆட்டத்தைச் செய்தவர்கள் புத்திசாலிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆளை இழுத்தடிப்பதில் அவர்களுக்கு ஓர் ஆனந்தம். வீரன் ஆமை மாதிரி நடப்பான். நாலடி நடந்ததும் பசிக்கிறது என்று எழுத்து வரும். சத்திரத்துக்குப் போனால் அங்கே கிடைப்பது சாராயமும் பன்றிக்கறியும். மைனி அந்த இரண்டையும் தொடமாட்டேன் என்று பிடிவாதமாக விளையாடியதில், முதல் வாரத்தில் வீரன் மூன்று முறை பட்டினி கிடந்து செத்தான்.

"இது என்ன ஆட்டம் கனி? ஊரையே காப்பாத்தப் போறவனுக்கு ஹலாலா ஒரு வாய்ச் சோத்துக்கு வழியில்லே!"

"சும்மா பொம்மைதானே மைனி, தின்னா என்ன?" என்றேன்.

"திங்க வைக்கிறது என் கையில்லா?"

மறுநாளே ஆட்டத்தைப் பிரித்துவிட்டார். ஆட்டத்தின் கோப்புகளைத் திறந்து உள்ளே இருப்பதை எண்ணும் எழுத்துமாகக் காட்டுகிற ஒரு சின்ன புரோகிராம் அவர் வகுப்பு ஃபிளாப்பியில் இருந்தது. அதை வைத்துச் சாராயம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அந்த இடத்தில் நன்னாரி சர்பத் என்று போட்டார். தமிழ்தான், ஆங்கில எழுத்தில். பன்றிக்கறி கோழிக் குருமாவாயிற்று. படத்தை மாற்ற முடியாததால் சர்பத் பெரிய பீப்பாயில் இருந்தது, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொருவர் பேச்சுக்கும் ஆட்டம் அளந்துதான் இடம் விட்டிருந்தது. சத்திரக்காரனுக்கு நாற்பது எழுத்து. நாற்பதுக்குள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நாற்பத்தொன்று ஆனால் வீரன் சத்திரத்து வாசலை மிதித்ததும் கம்ப்யூட்டரே அசையாமல் நின்றுவிடும். இதை மைனி இரண்டு தடவை பட்டுத்தான் கற்றுக்கொண்டார். அதன்பிறகு விரல் விட்டு எண்ணி எழுதுவார்.

ஒரு மாதத்தில் அது வேறு ஆட்டமாகிவிட்டது. வீரன் வேகமாக நடந்தான், பசி பாதியானது. அவன் புறப்படுகிற ஊர் மேலப்பாளையம், வாள் அடித்துக் கொடுக்கும் பட்டறை இருக்கும் ஊர் பேட்டை, குறுக்கே ஓடுகிற ஆறு தாமிரபரணி. பாலத்தில் வழிமறிக்கும் பூதத்துக்கு எங்கள் ரேஷன் கடைக்காரர் பேசுகிற பேச்சை அப்படியே கொடுத்தார்: "இன்னைக்கு இல்லே, நாளைக்கு வா." இதற்கு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். உம்மாகூட மத்தியான லுஹர் தொழுதுவிட்டு, காய் நறுக்கும் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வீரனைத் தெரியும். "அந்தப் பய சாப்பிட்டானாட்டி?" என்று தினமும் என்னிடம் விசாரிப்பார்.

இனி எங்கள் வீட்டுக் கடித வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் தம்மாமிலிருந்து கடிதம் வந்தால் அது வீட்டுக்கே வந்த கடிதம். வாப்பாவுக்கு அண்ணனான பெரியவாப்பா வந்து நாற்காலியில் உட்காருவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நிற்பார்கள். நான் சத்தமாக வாசிக்க வேண்டும். பதினோரு வயதிலிருந்து அது என் வேலை. பதில் எழுதுவதும் அப்படித்தான், எல்லாரும் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கடைசியில் மைனியைப் பார்த்து, "நீ என்ன எழுதணும் சொல்லும்மா" என்று பெரியவாப்பா கேட்பார். இத்தனை பேருக்கு நடுவில் புருஷனுக்கு என்னத்தைச் சொல்வது? "சலாம் சொன்னேன்னு எழுது கனி" என்பார். பஜாரில் இருக்கிற போன் பூத்தும் அந்த லட்சணம்தான். வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் நம் சொந்தக்காரர்கள்.

தொண்ணூற்றேழு அக்டோபரில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டக் கேட்கிறது, டிசம்பர் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தான். நான் வாசித்து முடித்ததும் பெரியவாப்பா, "போட்டுட வேண்டியதுதானே" என்றார். உம்மா, "எழுது. இங்கன எல்லாரும் சொகம். அவசரப்பட்டு வந்துராதே" என்றார். நான் எழுதினேன். மைனியின் முகத்தைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர்கள் சேர்ந்திருந்தது ஐந்து மாதம். அந்தக் கடிதத்தை எழுதிய என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

மைனி அழவில்லை. மறுநாள் மத்தியானம் ஆட்டத்தைத் திறந்து, சத்திரக்காரன் பேச்சை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். எண்ணினார், அழித்தார், திரும்ப எண்ணினார். நான் எட்டிப் பார்த்தேன்.

"மச்சான், கையெழுத்துப் போடாதீங்க, வந்துருங்க."

"மைனி!" என்றேன்.

"சத்தம் போடாதே. சத்திரத்துக்கு அவங்க போகாம இருக்க முடியாது, பசிக்கும்லா. அவங்களுக்கும் எனக்கும் இடையிலே நீ கூட வேண்டாம், பெரியவாப்பாவும் வேண்டாம்."

நாலாவது வீட்டு உமர் பாரூக் லீவு முடிந்து தம்மாமுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார், அண்ணனோடு அதே ரூமில் இருப்பவர். ஓட்டுமாவுப் பலகாரம், ஊறுகாய் டப்பாவோடு ஃபிளாப்பியையும் அவரிடம் கொடுத்தோம். "புது ஆட்டம், உங்க சிநேகிதர்ட்ட குடுங்க" என்று மைனி துணிச்சலாகவே சொன்னார்.

இவ்வளவு யோசித்தவர் ஒன்றை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் யாருமே யோசித்திருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து ஆள் வந்தால் அந்த ரூமில் பெட்டியை நடுவில் வைத்துப் பிரிப்பார்கள். ஊறுகாய் யார் வீட்டுடையதாக இருந்தாலும் பத்துப் பேருக்கும் பொது. ஃபிளாப்பிக்கு மட்டும் தனிச் சட்டமா இருக்கும்?

டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் பதில் ஃபிளாப்பி ஒரு பேட்டைக்காரர் கையில் வந்து சேர்ந்தது. மத்தியான நேரம். உம்மா வழக்கம்போல் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மைனி ஃபிளாப்பியைப் போட்டார். அந்த ஆட்டத்தில் விட்ட இடத்தைச் சேமித்துவைக்கப் பத்து இடம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு பெயர் கொடுக்கலாம். அண்ணனுக்கு ஆட்டத்தைப் பிரிக்கத் தெரியாது, ஆனால் பெயர் கொடுக்கத் தெரியும். ஒரு வரி இருக்கும் என்று எதிர்பார்த்தோம். பத்து இடமும் நிரம்பியிருந்தது.

எழுத்தைக் கண்டதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. பத்து வருஷப் பழக்கம், வேறு என்ன சொல்ல!

"ஜெய்னம்பு, பல்வலி போச்சா," என்று சத்தமாக வாசித்தேன். "ஹமீதா, கோவமா. செய்யதம்மா, மகளுக்கு முத்தம்…"

"கனி!" என்று மைனி என் கையைக் கிள்ளினார். அதற்குள் நான் ஏழு, எட்டு என்று போய்விட்டேன். ரூமில் எல்லாரும் சத்திரத்துக்குப் போயிருக்கிறார்கள், எல்லாரும் அதை வாசித்திருக்கிறார்கள் என்று எனக்கு உறைப்பதற்குள் பத்தாவதும் வெளியே வந்துவிட்டது.

"ஷம்ஸியா, உம்மா சொன்னா வாறேன்."

அரிவாள்மணை நின்றது. மைனி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவர் நாலு வருஷத்தில் முதல்முறையாகத் தனக்கென்று கட்டிய ஒரு வழியை நான் அரை நிமிஷத்தில் தெருவாக்கிவிட்டேன்.

உம்மா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். ஒன்றும் புரியாத அந்த வரிகளை மேலிருந்து கீழாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"இதெல்லாம் யாருக்கு எழுதியிருக்கானுவ?"

"அவங்கவங்க பொண்டாட்டிக்கு, உம்மா" என்றேன்.

"பத்துப் பேரும் பொண்டாட்டிக்கா?"

"ஆமா."

"பெத்தவளுக்கு ஒருத்தனுக்கும் எழுதத் தோணலையா?"

மைனி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை, அது அவர் சுபாவமும் இல்லை.

"மாமி, நான்தான் வரச் சொல்லி எழுதினேன். அவங்க அங்கனயே இருக்கணும்னு நீங்க சொல்லிட்டிய. எனக்கு அவங்க வேணும். இதை எல்லார் முன்னாலயும் எப்படிச் சொல்ல முடியும்? அதான் இப்படிச் சொன்னேன்."

உம்மா, "நா இருக்கச் சொன்னேனா?" என்றார்.

"எழுதச் சொன்னியளே உம்மா. அவசரப்பட்டு வந்துராதேன்னு" என்றேன்.

"பின்னே, பெரியவாப்பா ஒக்காந்திருக்காரு, வாசல்ல நாலு பேரு நிக்குதாவ. அத்தனை பேருக்கு முன்னால வாலேன்னு சொல்லி, நாளைக்கு அவன் இங்கன வேலையில்லாம நின்னா, பெத்தவதான் கெடுத்தான்னு சொல்ல மாட்டாளுவளா? பயந்துகிட்டுச் சொன்னேன். இவளாவது எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்லா?"

"நீங்க எங்கிட்ட கேட்டியளா மாமி?"

அந்த வீட்டில் உம்மாவிடம் யாரும் அப்படித் திருப்பிக் கேட்டதில்லை. உம்மாவுக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கேக்கலைதான்" என்றார்.

மைனி உடனே வேலையில் இறங்கிவிட்டார். "சொல்லுங்க மாமி. உங்களுக்கும் ஒரு ஆளை வைக்கேன். பாலத்துப் பூதத்தை எடுத்துட்டு அங்கன உங்களைப் பேச வைக்கேன்."

"யாரு கொண்டுபோவா?"

ரமலான் பிறை நெருங்குகிறது, எல்லாரும் ஊருக்கு வருகிற நேரம். ஜனவரி வரை தம்மாமுக்குப் புறப்படுகிறவர் யாரும் கிடையாது. அதற்குள் டிசம்பர் போய்விடும்.

உம்மா அரிவாள்மணையைச் சுவரோரம் சாத்தினார். கொடியில் கிடந்த வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டார். "வாங்கட்டி ரெண்டு பேரும்" என்று செருப்பைத் தேடினார்.

பூத்தில் ஆறேழு பேர் நின்றார்கள். வெளியே பெஞ்சில் பெரியவாப்பாவே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "என்ன மூணு பேரும் இந்நேரத்துல?" என்று எழுந்து உள்ளே வந்தார். உம்மா அவரைத் தாண்டிக் கண்ணாடிக் கூண்டுக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை. நான் நம்பரைப் போட்டேன். அண்ணனை ஸ்டோரிலிருந்து கூப்பிட்டுவர நேரமாயிற்று. மைனி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே அஃப்சல், உம்மா பேசுதேன். கையெழுத்துப் போடாதே. வந்துரு. எனக்கு உன்னைப் பாக்கணும்லே. உன் பொண்டாட்டிக்கும் பாக்கணும்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவாப்பா பேப்பரை மடித்தார்.

அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ கேட்டான், எங்களுக்குக் கேட்கவில்லை. உம்மா, "நீ எப்பலே என்னைத் தனியாக் கேட்டே?" என்றார். சொல்லிவிட்டு ரிசீவரை மைனியின் கையில் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, யாரும் எட்டிப் பார்க்காதபடி துப்பட்டியை விரித்து நின்றுகொண்டார்.