சீசிங் பாயும் வேம்புவின் நெல்லும்

முத்துப்பேட்டையில் ஜெகபர் அலி உட்கார்ந்து டீ குடித்ததைப் பார்த்தவர்கள் குறைவு. கடை வாசலில் நின்றபடியே கிளாஸைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் தெருமுனையில் தெரிந்தால் தவணை கட்டாதவர்கள் மோட்டார் சைக்கிளைச் சந்துக்குள் தள்ளிவிடுவார்கள். பள்ளிவாசலில் அவர் பக்கத்தில் நின்று தொழுதவர்கூட, வெளியே வந்ததும் தன் ஸ்கூட்டர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'சீசிங் பாய்'.

விரும்பி வந்த வேலை இல்லை. குவைத்தில் பல வருஷம் டிரெய்லர் ஓட்டியவர். ஈராக் படை உள்ளே புகுந்தபோது வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக ஜோர்டான் எல்லைக்குப் போய், கூடாரத்தில் கிடந்து, போட்ட சட்டையோடு ஊர் வந்து சேர்ந்தார். அதிலிருந்து அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்திருக்கும்போதே எழுந்து வாசலைப் பார்ப்பார். மன்னார்குடியில் ஒரு பைனான்ஸ் கம்பெனி மானேஜர் ரெத்தினம், எந்த வண்டியையும் கிளப்பத் தெரிந்த ஆள் தேடினார். ஜெகபர் அலி போய் நின்றார். தவணை நின்றுபோன வண்டியை எங்கிருந்தாலும் எடுத்து வந்து கம்பெனி ஷெட்டில் நிறுத்த வேண்டும். அதைத்தான் 'சீசிங்' என்பார்கள். அவ்வளவுதான் வேலை.

அதிலும் அவருக்கென்று சில முறைகள் இருந்தன. சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் வண்டியைத் தொட மாட்டார். வண்டிக்குள் கிடக்கும் சாமானை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளப்புவார். அடித்தால் வாங்கிக்கொள்வார், திருப்பி அடிக்க மாட்டார்.

மனைவி கமருன்னிஸாவுக்கு இதெல்லாம் சமாதானமாகவில்லை. "ஊர்ல ஒருத்தி எங்கூட சிரிச்சுப் பேச மாட்டேங்குறா. வேற எதுனா பாருங்களேன்" என்பாள்.

"பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

ஆட்சி மாறிய மறு வருஷம், மாசி மாதம். காலையிலேயே ரெத்தினம் கூப்பிட்டனுப்பினார். ஆபீஸில் கட்சிக்கரை வேட்டி கட்டிய ஒருவர் மானேஜருக்கு எதிரே கால்மேல் கால் போட்டிருந்தார். ஆளுங்கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருந்த சாமிதுரை. கோரையாற்றங்கரை ஊர்களில் அவருக்கு நிறைய நிலம்.

"பாய், முருகையன்னு ஒருத்தன். டிராக்டர். இன்னைக்கே தூக்கணும்" என்றார் ரெத்தினம்.

"அறுப்பு நேரமாச்சே. நெல்லு போட்டதும் கட்டிடுவான்ல? எப்பவும் ஒரு வாரம் விடுவீங்களே."

"இந்தத் தடவ இல்ல. போங்க."

சாமிதுரை மீசையைத் தடவிக்கொண்டார். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அந்த ஆள் அங்கே ஏன் இருந்தார் என்ற நினைப்பு ஜெகபர் அலியைக் குடைந்துகொண்டே இருந்தது. வானமும் சரியில்லை. தெற்கே கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது.

டிராக்டர் ஊருக்கு வெளியே களத்தில் நின்றது. பின்னால் டிரெய்லர் நிறைய நெல் மூட்டை. முருகையன் கயிறு வாங்கப் போயிருந்தான். பெண்கள் சிலர் களத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெகபர் அலி யாரிடமும் பேசாமல் ஏறி, சாவிக்கொத்தில் ஒன்றைப் போட்டுத் திருகினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. 'மூட்டையை இறக்கச் சொல்ல வேண்டும்' என்று நினைத்தார். இறக்கி முடிப்பதற்குள் முருகையன் வந்துவிடுவான், கைகலப்பாகும். ரோட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை நகர்த்திவிட்டார். அவர் முறை தப்பியது அன்றைக்குத்தான்.

பெண்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அதில் ஒருத்தி முன்னால் வந்து மறிக்கவில்லை. ஓடுகிற டிரெய்லரைப் பிடித்துத் தொங்கி, மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இடுப்பில் அரிவாள். முருகையனின் அக்கா வேம்பு.

"எறங்கும்மா, விழுந்துடப்போற!"

"நீ ஓட்டு பாய். எந்நெல்லு எங்க போவுதோ அங்க நானும் வர்றேன்."

"வண்டிக்குத் தவண கட்டல. அதான் எடுக்குறேன். நெல்லு எனக்கு எதுக்கு?"

"ஒனக்கு வேணாம். ஒன்ன அனுப்பிச்சவனுக்கு வேணும்."

இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே அவள் விவரம் சொன்னாள். நிலம் சாமிதுரையுடையது. அவள் புருஷன் காலத்திலிருந்து குத்தகைக்கு அவர்கள்தான் பயிர் வைக்கிறார்கள். புருஷன் செத்ததும் சாமிதுரை காலி பண்ணச் சொன்னார். அவள் மாட்டேன் என்று நட்டாள், அறுத்தாள். அவருக்குப் பயந்து ஒருவரும் நெல் ஏற்ற வண்டி தரவில்லை. தம்பி டிராக்டர் ஒன்றுதான் வந்தது. அது போய்விட்டால் நெல் களத்தில் கிடக்கும். மழையில் நனையும், இல்லையென்றால் அவர் ஆட்கள் அள்ளிக்கொண்டு போவார்கள்.

ஜெகபர் அலி கியரை மாற்றினார். ஆபீஸில் பார்த்த கரை வேட்டிக்கு இப்போது அர்த்தம் தெரிந்துவிட்டது.

வாய்க்கால் பாலத்தில் கட்சிக்கொடி கட்டிய இரண்டு மோட்டார் சைக்கிள்கள் குறுக்கே நின்றன.

"பாய், வண்டிய அப்படியே அய்யா குடோனுக்கு விடுங்க. நெல்ல எறக்கிட்டு அப்பறம் டிராக்டர ஓட்டிட்டுப் போங்க" என்றான் ஒருவன்.

"எனக்கு வண்டியத்தான் சொன்னாங்க. நெல்லச் சொல்லல."

"இப்ப நாங்க சொல்றோம்ல."

ஜெகபர் அலி திரும்பி வேம்புவைப் பார்த்தார். அவள் அரிவாளை உருவி மடியில் வைத்திருந்தாள். அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டார். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல், நடுவில் ஒற்றை வண்டிப் பாதை. பாரம் ஏற்றிய டிரெய்லரை அதில் பின்னால் தள்ளுவது லேசில்லை. கழுத்தைத் திருப்பியபடி, ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்து ஒடித்து, மதகு வரை பின்னாலேயே போனார். அங்கே இன்னொரு பாதை பிரிந்தது.

"இது எங்க போவும்?"

"எங்க காலனித் தெரு வழியா கொள்முதல் நெலயம் போவலாம்" என்றாள் வேம்பு. சட்டென்று எழுந்து நின்று, காலனிப் பக்கம் பார்த்து, "ஏய், வாங்கடி எல்லாரும்!" என்று கூவினாள்.

காலனியில் சனம் திரண்டுவிட்டது. டிராக்டரைப் போகவிட்டு, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்களை வளைத்துக்கொண்டார்கள்.

கொள்முதல் நிலையத்தில் கடைசி மூட்டை கூரைக்குள் போனபோது தூறல் விழுந்தது. முருகையன் சைக்கிளில் பாய்ந்து வந்து ஜெகபர் அலியின் சட்டையைப் பிடித்து அறைந்தான். அவர் வாங்கிக்கொண்டார். வேம்பு நடுவில் புகுந்து, "உடுடா, நெல்லக் கொண்டாந்து சேத்ததே இவருதான்" என்றாள்.

முருகையன் கையை விட்டான். ஜெகபர் அலி சட்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "நெல்லு எறங்கிருச்சு. இப்ப நான் வண்டிய எடுத்துட்டுப் போவணும்."

அக்காவும் தம்பியும் அவரையே பார்த்தார்கள்.

"நீ என்ன மனுசன்னு எனக்கு வெளங்கல பாய்" என்றாள் வேம்பு.

அவருக்கும் விளங்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே மன்னார்குடி வரை ஓட்டிப் போய் டிராக்டரை ஷெட்டில் நிறுத்தினார். ஆபீஸ் வாசலில் போலீஸ் காத்திருந்தது. நெல்லைக் கடத்திவிட்டதாக சாமிதுரை புகார் கொடுத்திருந்தார். ரெத்தினம், "எனக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்ல" என்றார்.

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மறுநாள் வேம்பு தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். "எந்நெல்லு. நானே கூட வந்து போட்டேன். களவு போவல. இவரு எப்படிங்க திருடுனாரு?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள். சாமிதுரை தரப்பு, நெல் தங்களுடையது என்றது. அப்படியானால் பயிர் வைத்தது யார் என்ற கேள்வி வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அதைத் தாசில்தார் பக்கம் தள்ளிவிட்டு ஜெகபர் அலியை அனுப்பினார். தாசில்தார் ஊருக்கே வந்து விசாரித்தபோது, பக்கத்து வயல்காரர்கள், அதுவரை வாயைத் திறக்காதவர்கள், வேம்புதான் நட்டாள் என்று சொன்னார்கள். வழக்கு இழுத்துக்கொண்டு போய், இன்னொரு தேர்தலும் வந்துபோனது. குத்தகை வேம்புவுக்கே நிலைத்தது.

முருகையனுக்கு அப்படி நல்லபடியாக முடியவில்லை. டிராக்டர் ஏலத்தில் போய்விட்டது. ஏலத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி ஜெகபர் அலி ரெத்தினத்திடம் கெஞ்சிப் பார்த்தார். "மொதல்ல நீ இங்க வேலைல இல்ல" என்று பதில் வந்தது.

பிறகு அவர் முத்துப்பேட்டையிலிருந்து சீர்காழிக்கு மீன் லாரி ஓட்டினார். கமருன்னிஸாவின் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவருக்கு மட்டும் அந்தக் களம் மனதைவிட்டுப் போகவில்லை. லாரி முதலாளியிடம் பேசி முருகையனுக்காக ஒரு டிரைவர் வேலை கேட்டு வைத்துக்கொண்டு, அவனைத் தேடிப் போனார். அவன் யாருடைய டிராக்டரையோ கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அவர் வேலையைப் பற்றிச் சொன்னதைச் சேற்றில் நின்றபடியே கேட்டுக்கொண்டான்.

"அக்காவுக்கு நெல்லக் காப்பாத்திக் குடுத்தீங்க, சரி. அந்த நெல்லுக் காசுலேருந்து தவணையக் கட்டுடான்னுதான் அக்கா எங்கிட்ட சொல்லியிருந்துச்சு. ரெண்டு நாள் பொறுத்திருந்தா வண்டி எங்கிட்டயே இருந்திருக்கும். நீங்க ஏன் பொறுக்கல பாய்?"

முருகையன் வண்டியில் ஏறி உழவைத் தொடர்ந்தான். அவன் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வரும்வரை ஜெகபர் அலி வரப்பிலேயே நின்றார். திரும்பி வந்தவன் அவர் பக்கம் பார்க்கவில்லை. ரோட்டோரம் நிறுத்தியிருந்த லாரியில் மீனுக்குப் போட்ட ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அவர் போக வேண்டியிருந்தது.